சிவப்பு மையில் பத்தொன்பது வரிகள்

லுணுகலை பஸ் நிறுத்தத்தில் என் தங்கை யசோதினியைப் பற்றிக் கேட்டால், "மீன் பெட்டியில மருந்த வச்சுக் கெடுத்த புள்ளதானே" என்பார்கள். அது மருந்து இல்லை. அவள் கெடுக்கவும் இல்லை. அந்த நாற்பத்தொரு நாளும் அந்தப் பெட்டியின் பக்கத்தில் நின்றவன் நான். அதனால் நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். லுணுகலைக்கு மேலே உள்ள தோட்டத்தில் ஆறாம் நம்பர் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தோம். அப்பா பொன்னையா இறந்தபோது நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். பெறுபேறு வந்த வாரமே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டேன். கணிதத்தில் மட்டும் நல்ல புள்ளிகளோடு சித்தி. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அதைப் பார்த்துவிட்டு என்னை டிரையரில் போட்டார். அரைத்த கொழுந்தைச் சூட்டில் காய வைக்கும் இயந்திரம் அது. அரை மணிக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாக எழுதி வருகிறேன்.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு முறை உண்டு. எல்லாம் சரியாக ஓடினால் நீல மை. இயந்திரம் நின்றால், பெல்ட் நழுவினால், யாராவது கதவைத் திறந்தால், இரண்டு நிமிடமானாலும் சிவப்பு மை. சிவப்பே இல்லாத புத்தகத்தை டீமேக்கர் ஐயா நம்ப மாட்டார். "ஒரு மாசமா ஒன்னுமே நிக்கலையா? தூங்கி எழும்பி எழுதினியா?" என்று மேசையில் வீசுவார். எங்கள் தொழிற்சாலையில் சிவப்பு வரி என்றால், ஆள் கண் திறந்திருந்தான் என்று பொருள். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது.

யசோ சின்ன வயதிலேயே எதையும் திறந்து பார்க்கிறவள். கோழி வாங்கும் நாளில் ஈரலை அவளிடம் காட்டாமல் அம்மா குழம்பு வைக்க முடியாது. தட்டில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். "பாத்தது போதும்டி, அடுப்பு காயுது" என்று அம்மா பிடுங்கிக்கொள்வார். பசறையில் உயர்தரம் படித்தாள். தமிழில் படித்த உயிரியலைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் மறுபடி முதலிலிருந்து படித்தாள். 2019 இல் பதுளை நகருக்கு வெளியே ஓர் ஆய்வு நிலையத்தில் ஆய்வு உதவியாளராக வேலை கிடைத்தது. வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் வேலை. முதல் நாள் நானும் கூடப் போனேன். வெள்ளை மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே வந்து கையைக் காட்டினாள். கேற்றுக்கு வெளியே நின்ற காவல்காரரிடம், "அது என் தங்கச்சி" என்றேன். அவர் சிங்களவர். விளங்கியதோ இல்லையோ, சிரித்தார்.

நிலையத்தில் அவளுக்கு மேலே இருந்தவர் கலாநிதி விஜேந்திரன். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்தில் பிறந்தவர். அதை யசோ சொன்ன நாள் எனக்குப் பெரிய நிம்மதி. நம்ம ஆள் ஒருவர் மேலே இருக்கிறார், பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அவர்களின் ஆய்வு ஓடைகளில் வாழும் மீன்களைப் பற்றியது. தண்ணீரில் சில வகை நஞ்சு கலந்தால் மீனின் ஈரலில் ஒரு நொதியம் கூடுமாம். அது கூடியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு பிறபொருளெதிரி வேண்டும். அது என்ன என்று நான் நாலைந்து தடவை கேட்டிருப்பேன். கடைசியில் எனக்கு ஏற்ற மாதிரிச் சொன்னாள்.

"காலையில பெரட்டுல, வேலைக்குப் பிரிக்கிறப்ப, கங்காணி பேரு கூப்புடுவாருல்ல அண்ணே, அந்த மாதிரிதான். ஈரல்ல ஆயிரம் சாமான் இருக்கு. இது அந்த நொதியத்தோட பேர மட்டும் கூப்புடும். அது இருந்தா, தாள்ல ஒரு கறுப்புக் கோடா வந்து நிக்கும்."

"யாரு செய்யிறது இத?"

"முயல். நொதியத்த முயலுக்கு ஊசியில ஏத்துனா, அதப் புடிக்க முயலோட ரத்தத்துல இது உண்டாகும். அதப் பிரிச்சுக் குப்பியில அடைச்சு விக்கிறாங்க."

2021 பெப்ரவரியில் அந்தக் குப்பி வெளிநாட்டிலிருந்து வந்தது. சுண்டுவிரல் நுனி அளவுதானாம். உருக்கி உருக்கி உறைய வைத்தால் அதன் பலம் போய்விடும் என்பதால், அதைப் பன்னிரண்டு சின்னக் குழாய்களாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்தாள். அந்த வருடமே கோடுகள் நன்றாக வந்தன. கலாநிதி ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் கட்டுரை போட்டார். யசோவின் பெயர் இரண்டாவதாக இருந்தது. அதைப் பதுளையில் பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். எனக்கு வாசிக்கத் தெரிந்தது அவள் பெயர் மட்டும்தான்.

அடுத்த வருடம் டொலர் இல்லாமல், எண்ணெய் இல்லாமல் இலங்கை முழுவதும் இருண்டது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலமும் அதற்கு மேலும் மின்சாரம் இல்லை. நிலையத்தில் ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. மிச்சம் இருந்தவை ஏழு குழாய்கள். கலாநிதி யசோவைக் கூப்பிட்டு, "எங்கயாவது கொண்டு போய் வச்சுக் காப்பாத்தும்மா. நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றாராம். எழுத்தில் எதுவும் தரவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

எங்கள் தொழிற்சாலைக்கு வெள்ளைக்காரன் காலத்து டர்பைன் ஒன்று இருக்கிறது. மலை ஓடைத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி அதில் விழ விட்டால், பாதித் தொழிற்சாலைக்கு மின்சாரம் வரும். ஊரெல்லாம் இருட்டாக இருந்தபோது எங்கள் பொதியிடும் அறையில் பல்பு எரிந்தது. அதைப் பார்த்து லுணுகலை மீன் கடை ஜஸீல் நானா டீமேக்கர் ஐயாவிடம் கெஞ்சி, தன் பெரிய உறைபெட்டியைக் கொண்டு வந்து அங்கே வைத்திருந்தார். யசோ என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டதும் நான் ஜஸீல் நானாவிடம் ஓடினேன்.

"என்ன தம்பி, மீன் பெட்டிக்குள்ள முயலு வைக்கப் போறீங்களாம்?"

"முயலு இல்ல நானா, முயலு ரத்தத்துல எடுத்தது. மீனோட ஈரலப் பாக்குறதுக்கு."

"யா அல்லாஹ்! மீனப் பாக்க முயலு, முயலப் பாக்க மீன் பெட்டி. நல்லா படிச்சிருக்கா உங்க தங்கச்சி. வைங்க வைங்க. ஆனா பாத்துக்கங்க, அவசரத்துல ஒரு நாளைக்கு அதையும் நிறுத்து வித்துருவேன்."

பஸ் ஓடாத நாள் அது. யசோ தக்கை போல இலேசான ரெஜிபோம் பெட்டியில் ஐஸும் உப்பும் நிரப்பி, குழாய்களை நடுவில் வைத்து, ஜஸீல் நானாவின் லொறியிலேயே வந்தாள். உப்புச் சேர்த்தால் ஐஸின் குளிர் இறங்கும் என்று அவளுக்குப் புத்தகத்திலும் அவருக்குத் தொழிலிலும் தெரிந்திருந்தது. வழியெல்லாம் அதைப் பற்றியே பேசி வந்தார்களாம். குழாய்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, பெட்டியின் அடியில் வைத்தோம். ஒரு வெப்பமானியை என் கையில் தந்தாள்.

"பூச்சியத்துக்குக் கீழ பதினஞ்சுக்கு மேல வரக் கூடாது அண்ணே. ஒரு நாளைக்கு மூனு தடவ பாத்தா போதும்."

மூன்று தடவை என்று அவள் சொன்னதை நான் மூன்று தடவையாக மட்டும் செய்யவில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் டிரையர் புத்தகத்தைப் போலவே கோடு போட்டேன். தேதி, நேரம், குளிர், குறிப்பு. நாற்பத்தொரு நாள். நீல மையில் நூற்று இருபத்து மூன்று வரிகள். சிவப்பு மையில் பத்தொன்பது வரிகள். அதில் பதினெட்டு, ஜஸீல் நானா மீன் எடுக்க மூடியைத் திறந்தவை. "மூடி திறப்பு, 2 நிமி., ஜஸீல்" என்று எழுதியிருக்கிறேன். மற்றது ஏப்ரல் 14. மழையில் இலை வந்து வாய்க்காலை அடைத்து டர்பைன் நின்றது. பிற்பகல் 2.10 இலிருந்து 2.50 வரை. நானும் இரண்டு பேரும் இறங்கி இலையை வாரினோம். வந்து பார்த்தபோது வெப்பமானியில் பூச்சியத்துக்குக் கீழே பதினாறு. யசோ சொன்ன எல்லையைத் தாண்டவில்லை. ஆனாலும் நின்றது நின்றதுதானே. சிவப்பில் எழுதினேன்.

மே மாதம் நிலையத்துக்கு டீசல் கிடைத்து, குழாய்கள் பத்திரமாகத் திரும்பின. கொப்பி என்னிடமே இருந்தது.

2023 தொடக்கத்தில் பழைய குழாய்கள் முடியப் போகின்றன என்று நிலையம் புதுக் குப்பி வரவழைத்தது. அதே கம்பனி, வேறு முயல். அதை வைத்துச் செய்தபோது முன்பு கோடு வந்த ஈரல்களில் கோடு வரவில்லை. யசோ மூன்று முறை செய்து பார்த்தாள். பிறகு, மீனின் சதையை எடுத்து இரண்டாலும் சோதித்தாள். சதையில் அந்த நொதியம் கண்ணில் படும் அளவுக்கு இருக்கக் கூடாது. புதியதில் ஒன்றும் இல்லை. பழையதில் அதே இடத்தில் தெளிவான கறுப்புக் கோடு.

இதை அவள் என்னிடம் சொன்னது பின்னால்தான். "பேரு கூப்புட்டா வேற யாரோ வந்து நிக்கிறாங்க அண்ணே. முதல் நாள்ல இருந்தே வேற ஆளுதான்" என்றாள்.

அப்படியானால் அந்த வெளிநாட்டுச் சஞ்சிகைக் கட்டுரையும் பிழை. ஏப்ரலில் கலாநிதியிடம் போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தாராம். "நல்லா கண்டுபிடிச்சிருக்க. இப்ப யாருகிட்டயும் வாயத் திறக்காத. நான் ஒழுங்கு பண்றேன்" என்றாராம். அவள் திறக்கவில்லை. என்னிடம்கூட.

இது தெரியாமல்தான் நான் அந்த வருடத் திருவிழாவுக்கு அவரை அழைத்தேன். கோயில் கமிட்டியில் நான்தான் பெயரைச் சொன்னேன். லயத்தில் பிறந்து கலாநிதியானவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று வாதாடினேன். அவர் வந்தார். பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, மேளத்தோடு கூட்டிப் போனோம். மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அம்மா பக்கத்தில் நின்று பரிமாறினார். யசோ கோயிலில் அன்னதானத்துக்குச் சோறு போட நின்றாள். வீட்டில் அவள் இல்லை.

"எங்கப்பாவும் ஸ்டோருலதான் தயாபரன். டிரையர்தான்" என்றார் கலாநிதி. தோட்டத்து ஆட்கள் தொழிற்சாலையை ஸ்டோரு என்றுதான் சொல்வோம். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

"அப்ப புத்தகம் எழுதியிருப்பாரு."

"எழுதாம? ஒரு நாளு செவப்பு எழுதலன்னு டீமேக்கர் அவர மழையில நிக்க வச்சத நான் பாத்திருக்கேன்." பாயாசத்தைக் குடித்துவிட்டுக் கேட்டார். "நீங்க அந்தக் குழாய்களுக்கு ஒரு கொப்பி எழுதினீங்களாமே. குடுங்க, பாப்போம். அடுத்த கட்டுரையில உங்க பேரையும் நன்றியில போடணும்."

பீரோவிலிருந்து கொப்பியை எடுத்து, புதுத் துண்டில் சுற்றி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து இரண்டு கையாலும் கொடுத்தேன். யசோவிடம் சொல்லவில்லை. கட்டுரை வரும்போது என் பெயரைப் பார்த்து அவள் திகைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஜூனில் விசாரணை. மூன்று பேர் மேசைக்குப் பின்னால். பழைய குழாய்கள் முறையில்லாத இடத்தில் வைக்கப்பட்டதால் 2022 ஏப்ரலில் கெட்டுவிட்டன, ஆகவே அதற்குப் பிறகு யசோதினி செய்த சோதனைகள் எல்லாம் செல்லாது, அதற்கு முன் வந்த கட்டுரைக்கு எந்தக் குறையும் இல்லை. இதுதான் கலாநிதி எழுதிக் கொடுத்தது. சாட்சியாக என் கொப்பியின் பிரதி. சிவப்பு வரிகளை எல்லாம் அவர் வட்டமிட்டிருந்தார்.

குழாய்களை வெளியே கொண்டு போகத் தான் சொன்னதே இல்லை என்றும் கலாநிதி சொல்லிவிட்டார். எங்கே வைத்தாள் என்று திருவிழாவுக்கு வந்த இடத்தில்தான் தெரிந்ததாம்.

"பத்தொன்பது முறை பழுதாகியிருக்கிறதே" என்று மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். யசோ பழுது ஒன்றுதான், மற்றவை மூடி திறந்தவை, தொழிற்சாலையில் நிற்பது, திறப்பது எல்லாவற்றையும் சிவப்பில் எழுதுவது வழக்கம் என்று சொன்னாள். குளிரைப் பாருங்கள், எங்கும் எல்லை தாண்டவில்லை என்றும் காட்டினாள்.

"பிழை இல்லாததை யாராவது சிவப்பில் எழுதுவார்களா?" என்று அவர் கலாநிதியைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குத் தோட்டம் தெரியுமே. இப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா?"

கலாநிதி கொப்பியைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றார்.

அந்த அறையில் யசோவைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

யசோ வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன மாலையில்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. கொப்பி எப்படி அவர் கைக்குப் போனது என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கொப்பியின் ஓரத்தில் புதுத் துண்டின் நூல் ஒன்று ஒட்டி, அதுவும் பிரதியில் விழுந்திருந்ததாம். மரியாதையாகத் துண்டில் சுற்றி நான்தான் கொடுத்திருக்கிறேன் என்று அதைப் பார்த்தே விளங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிலையத்தார் அவளிடம் ஒரு கடிதம் நீட்டினார்கள். தன் கவனக்குறைவால் பொருள் கெட்டது என்று கையெழுத்துப் போட்டால் வேலை தொடரும். போடாவிட்டால் ஜூன் முப்பதோடு முடிகிறது. அம்மா, "போட்டுரு புள்ள, ஒரு கையெழுத்துதானே" என்றார். யசோ போடவில்லை.

நான் ஒரு நாள் லீவு போட்டு கலாநிதியைப் பார்க்கப் போனேன். அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"சார், செவப்புன்னா என்னான்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே சொன்னீங்க, உங்கப்பாவ மழையில நிக்க வச்சத."

"தயாபரன், நீங்க எழுதினதத்தானே நான் காட்டினேன். ஒரு எழுத்து கூட்டினேனா?"

"நீங்கதானே சார் கொண்டு போகச் சொன்னீங்க?"

"யாரு கேட்டா? யாரு பாத்தா?" குரலைத் தாழ்த்தினார். "நம்மள்ல ஒருத்தன் இந்த நாற்காலியில உக்காந்திருக்கான். இவன இறக்கிட்டா அடுத்து யாரு வருவா? உங்க தங்கச்சிக்குச் சின்ன வயசு. வேற வேல கிடைக்கும். யோசிங்க அண்ணே."

அண்ணே என்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் பசறை வரைக்கும் அவர் சொன்னதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

யசோ இப்போது பண்டாரவளையில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். குடித்து ஈரல் வீங்கினவர்களின் இரத்தத்தில் நொதியம் பார்க்கிற வேலையும் அதில் உண்டு. காலையிலிருந்து ஊசி குத்தி இரத்தம் எடுத்து, பெயர் ஒட்டி, இயந்திரத்தில் வைக்க வேண்டும். சஞ்சிகைக் கட்டுரை இன்னும் அப்படியே இருக்கிறது. அவள் பெயரும் அதில் இரண்டாவதாக இருக்கிறது. அதுதான் அவளைத் தூங்க விடவில்லை.

போன தைப்பொங்கலுக்கு வந்தபோது கைத்தொலைபேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். 2021 மே மாதத்துச் சோதனை. ஆறு கோடுகள் வரிசையாக இருந்தன.

"கட்டுரையில அஞ்சுதான் இருக்கு, பாத்தியா? ஆறாவது சதை. அன்னிக்கே நான் சதையையும் வச்சிருந்தேன். அதுலயும் கோடு வந்துச்சு. சார் பாத்துட்டு, 'இது குழப்பும், ஓரத்த வெட்டிரு'ன்னாரு. நான் வெட்டினேன்."

"இத ஏன் விசாரணையில காட்டல?"

"வெட்டுனது என் கை அண்ணே."

இந்தப் படம் மீன் பெட்டிக்கு முந்திய வருடத்துப் படம். இதைக் காட்டியிருந்தால் என் கொப்பிக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. ஒரு சின்னப் பயத்தில் அவள் மறைத்தாள். ஒரு சின்னப் பெருமையில் நான் கொடுத்தேன். அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

சஞ்சிகைக்காரர்களுக்கு அவள் ஒரு கடிதம் தயாரித்திருந்தாள். மூன்று பக்கம், ஆங்கிலம். பொங்கல் அன்று பின்னேரம் அடுப்படியில் உட்கார்ந்து எனக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொல்லிக் காட்டினாள். முழுப் படம், புதுக் குப்பியின் முடிவு, என் கொப்பியின் எல்லா வரிகளும், சிவப்பு எதற்கு என்ற விளக்கம். கடைசிப் பந்தி, படத்தின் ஓரத்தை வெட்டியது தான் என்பது. இதை அனுப்பினால் இனி எந்த ஆய்வுகூடமும் அவளை எடுக்காமல் போகலாம். அதையும் அவளே சொன்னாள்.

"அந்தப் பந்தி இல்லாம அனுப்ப முடியாதா?" என்று அம்மா கேட்டார்.

யசோ என் சட்டைப் பையைப் பார்த்தாள். இரண்டு பேனா எப்போதும் இருக்கும். நீலத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு சிவப்பை எடுத்து, கடைசிப் பந்தியின் ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டாள்.

"அவங்களுக்கு இது என்னான்னு விளங்காது புள்ள" என்றேன்.

"விளக்கித்தான் எழுதியிருக்கேனே, ரெண்டாம் பக்கத்துல" என்றாள்.

மறுநாள் லுணுகலையில் ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். கடிதம் கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இன்றைக்கு எண்பத்தாறாவது நாள். புதுக் கொப்பி ஒன்றில் தினமும் தேதி போட்டு, "பதில் இல்லை" என்று எழுதி வருகிறேன். எதுவும் இன்னும் நின்றுவிடவில்லை என்பதால், அது நீல மையில்தான்.